கிடாரை வித்துறாத மாப்ள

மாப்ள, கிடார் பொட்டி மேல அழுக்குத் துணியைக் குவிச்சு வச்சிருக்கியாமே, எந்தங்கச்சி சொல்லுச்சு. மிஷினு வந்து பொழப்பைக் கெடுத்துருச்சுன்னு நாகல்நகர் டீக்கடை பூராம் பொலம்புறியாம். நல்லாப் பொலம்பு. நாக்கு என்ன கிடார்க் கம்பியா, அறுந்து போக?

எங்க காலத்துல கல்யாணம்னா நாயனமும் நையாண்டி மேளமுந்தான். உங்கப்பன் செட்டு கிடாரு, காங்கோன்னு மேடை ஏறுனதும் தவிலுக்காரரைப் பந்தலுக்கு வெளிய ஒக்கார வச்சாய்ங்க. "காலம் மாறுது பெரிசு"ன்னு எங்க மச்சான், அதான் ஒங்கப்பன், அவருக்குப் புத்தி வேற சொன்னாரு. இப்பக் காலம் ஒங்க வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டுது. வாங்கன்னு சொல்லுப்பா, மரியாதை தெரிஞ்ச குடும்பம்.

1992-ல 'ரோஜா'வோட வந்த ரகுமான்தான் எல்லாத்தையும் மாத்திட்டாருங்கிற. நம்ம பண்ணைப்புரத்து இளையராசா மட்டும் என்னவாம்? கிடார் பிடிச்ச கைதானே அது. மியூசிக் டைரக்டரு சலீல் சௌத்ரிக்கே வாசிச்சவரு. 1982-ல 'பயணங்கள் முடிவதில்லை' பாட்டைக் கேட்டுட்டு, கிடார் வாங்கணும்னு அப்பன் சட்டைப்பையைத் தடவுன பயலுக எத்தனை பேரு! அதே மனுசன்தான் 1986-ல 'புன்னகை மன்னன்'ல கம்ப்யூட்டரைப் பூட்டுனாரு.

அமெரிக்காவுல இன்னும் கூத்து. 1965-ல நாட்டுப்பாட்டுக்காரரு பாப் டிலான் நியூபோர்ட் விழாவுல கரண்டு கிடாரோட ஏறுனாரு. கூட்டத்துல ஒரு பகுதி கூச்சல் போட்டுச்சு. அந்தக் கரண்டு கிடாரைத்தான் நீ பாரம்பரியம்னு கட்டிப்புடிச்சு அழுவுற.

சனங்க காது மாறிப்போச்சுங்கிறியே, மொதல்ல மாறுனது கல்யாண வீட்டுக்காரன் நோட்டு. நீ திட்டுற அந்த ஆக்டோபேடு மிஷினை நல்லாப் பாரு. எட்டே எட்டு ரப்பர்ச் சதுரம். குச்சியால ஒண்ணைத் தட்டுனா தபேலா, பக்கத்ததைத் தட்டுனா உறுமி, அடுத்தது கைதட்டல். கைதட்டக்கூட ஆளு வேணாம்! ஒத்தை ஆளு, ஒத்தை ஆட்டோ, பந்தியில ஒத்தை எலை. நீங்க பத்துப் பேரு வேன்ல வந்து எறங்கி, பொண்ணு வீட்டுக்காரய்ங்களுக்கு முன்னாடியே பந்தியில ஒக்காருவீங்க.

கீபோர்டுலயும் கிடாருன்னு ஒரு பொத்தான் இருக்குதுதான். ஆனா கம்பியில வெரலை இழுக்கையில 'கீச்'சுன்னு ஒரு சத்தம் வருமே, அதை ஒங்கிட்டதான் கேட்டிருக்கேன். வாசிப்பைச் சொல்லலை, வழுக்குறதைச் சொன்னேன்.

விக்காத. அரை வெலைக்குக் கேப்பாய்ங்க. அந்தக் கிடாரு வயரை லேப்டாப்புல சொருகப் பழகு; வெக்கமா இருந்தா கதவைச் சாத்திக்க.

அப்பறம், அடுத்த மாசம் தாடிக்கொம்புல பேத்திக்குக் காதுகுத்து. கிடாரைத் தொடச்சு மாட்டிக்கிட்டு வந்து மேடையில நில்லு, போட்டோவுக்கு எடுப்பா இருக்கும். எலை உண்டு. சம்பளம் மட்டும் கேட்றாத மாப்ள, பேடுக்காரப் பயலுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு.