கடன் கிடைத்தது யாருக்கு?

கேள்வி: 1946-ல் வெளிவந்த ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ படத்தில் பன்முகத்தன்மை இருக்கிறதா என்று இன்று கேட்பது நியாயமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். பாராட்டவும் காரணம் கிடைக்கும், கண்டிக்கவும் கிடைக்கும்.

முதலில் பாராட்டு. கைகளை இழந்த கடற்படை வீரன் ஹோமராக வரும் ஹெரால்ட் ரஸ்ஸல், 1944-ல் ராணுவப் பயிற்சியின்போது வெடிவிபத்தில் நிஜமாகவே இரு கைகளையும் இழந்தவர். தொழில்முறை நடிகர் அல்ல. கைகளுக்குப் பதிலாகப் பொருத்திய கொக்கிகளைக் கழற்றிவிட்டால் கதவைக்கூடத் திறக்க முடியாது என்று ஹோமர் தன் காதலியிடம் சொல்கிறான். அவள் அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறாள். இயக்குநர் வில்லியம் வைலர் அங்கே பரிதாபம் கேட்கவில்லை, மரியாதை கேட்கிறார். அந்த ஒரே வேடத்துக்கு ரஸ்ஸல் 2 ஆஸ்கர் வாங்கினார்.

இனி கண்டனம். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பும் மூன்று நாயகர்களுமே வெள்ளையர்கள். அந்தப் போரில் 10 லட்சத்துக்கும் அதிகமான கறுப்பின அமெரிக்கர்கள் பணியாற்றினார்கள். படத்தில் வங்கி அதிகாரி அல், ஈடு காட்ட எதுவும் இல்லாத முன்னாள் வீரருக்குக் கடன் கொடுக்கிறார். நமக்கும் மனசு நிறைகிறது. நிஜத்தில் அதே கடன் கேட்டுப்போன கறுப்பின வீரர்கள் பலரை வங்கிகள் வெறுங்கையோடு திருப்பி அனுப்பின. அவர்கள் கதைக்குப் படத்தில் இடமில்லை.

‘அந்தக் காலம் அப்படி’ என்ற சமாதானம் எடுபடாது. ரஸ்ஸலை நடிக்க வைக்கும் துணிவு அதே காலத்துக்கு இருந்ததே!