நானூறு கிலோவும் பதினைந்து கிராமும்: ஆலங்குடியை முன்வைத்து ஒரு குறிபார்ப்பு ஆய்வு

1. களமும் சிக்கலும்

புதுக்கோட்டைக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் இருக்கும் வட்டத் தலைநகரம் ஆலங்குடி. சுற்றுவட்டாரத்தில் கீரமங்கலத்துப் பூவும் வடகாட்டுப் பலாவும் பெயர்பெற்றவை. அவற்றை வேளாண் அறிஞர்கள் பார்த்துக்கொள்வார்கள். இக்கட்டுரையின் கேள்வி வேறு. குச்சியால் பந்தைத் தட்டிக் குழியில் இறக்கும் பூல், விரலால் சுண்டிக் காயைக் குழியில் இறக்கும் கேரம் ஆகிய இரண்டில், கையில் காசும் பொழுதும் அளவாக உள்ள ஓர் இளைஞர் எதைப் பற்றிக்கொள்வது அறிவுடைமை?

இது முனைவர் பட்டத்துக்குரிய பொருள் என்று வீட்டில் யாரும் ஒப்பமாட்டார்கள். ஆய்வின் தேவை அதிலேயே விளங்கும்.

2. முன்னோர் ஆய்வுகள்

இத்துறையின் மூத்த அறிஞர் பிரான்சின் கோரியோலிஸ். சுழலும் பூமியில் காற்று ஏன் விலகி வீசுகிறது என்பதை விளக்கும் விசைக்குப் பெயர் தந்தவர் அவரே. 1835இல் பில்லியர்ட்ஸ் பந்தின் ஓட்டத்தைக் கணிதமாக்கி ஒரு முழு நூலையே எழுதினார். 2018 நவம்பரில் இவ்வட்டாரத்துத் தென்னைகளைச் சாய்த்த கஜா புயலும் அவருடைய விசைக்குக் கட்டுப்பட்டு இடஞ்சுழியாகவே சுழன்றது. ஆக, ஆலங்குடிக்கும் பில்லியர்ட்ஸுக்கும் உள்ள தொடர்பு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படுகிறது.

அடுத்த சான்று தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே கிடைக்கிறது. 1875இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி (பின்னாளில் பிரதமரானவர் வேறொருவர்) அன்றைய பூல் ஆட்டத்தோடு வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஸ்னூக்கரை உருவாக்கினார். அதன் விதிகள் ஒழுங்குபெற்று 1882இல் ஊட்டி கிளப்பில் எழுதி ஒட்டப்பட்டன. ஊட்டியிலிருந்து ஆலங்குடி முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். விதிகள் காகிதத்தில் இருந்ததால் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. மேசை மட்டும் அத்தனை எளிதில் ஊர் விட்டு ஊர் போகவில்லை. ஏன் என்பதற்கு அடுத்த பகுதி விடை தரும்.

3. கருவிகள்

ஒன்பதடி பூல் மேசையின் துணிக்கு அடியில் கற்பலகை கிடக்கிறது. மேசையின் மொத்த எடை ஏறத்தாழ 400 கிலோ. மழைக்காலத்தில் வளையாமல் சமமாக இருப்பதற்காகத்தான் இந்தக் கல். பந்தின் விட்டம் 57 மில்லிமீட்டர். ஒரு காலத்தில் அதை யானைத் தந்தத்தில் கடைந்தார்கள். தந்தம் கட்டுப்படியாகாமல் போகவே, 1863இல் நியூயார்க்கின் மைக்கேல் ஃபெலன் மாற்றுப்பொருள் கண்டுபிடிப்பவருக்குப் பத்தாயிரம் டாலர் பரிசு என்று அறிவித்தார். அந்தத் தேடல்தான் ஜான் வெஸ்லி ஹயாட்டை செல்லுலாய்டுக்கு இட்டுச்சென்றது. இன்றைய பந்துகள் ஃபீனாலிக் ரெசினில் வார்க்கப்படுகின்றன. குச்சி முனையில் தோல், தோலின் மேல் சாக்குத் தூள்.

கேரம் போர்டோ 74 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு ஒட்டுப்பலகை. மேலே போரிக் பவுடர், அது தீர்ந்தால் முகத்துக்குப் பூசும் பவுடர். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு ரெட். ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமைத் தாண்டக் கூடாது. ஐப்பசி மழையில் பலகை ஈரம் குடித்து நடுவில் லேசாக உப்பும். அப்போது தோற்றவர் போர்டைக் குறை சொல்வதும், ஜெயித்தவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாததும் மரபு.

இவற்றிலிருந்து ஆய்வாளர் வகுக்கும் ஆலங்குடி விதி: ஒரு பலகையின் எடை கூடக்கூட அதைச் சுற்றி நிற்பவர் தொகை குறையும். 400 கிலோவுக்கு வாடகை அறையும், உறுப்பினர் கட்டணமும், பூட்டும் வேண்டும். கேரம் போர்டை ஒருவர் தலையில் வைத்து மன்றத்திலிருந்து டீக்கடைக்குக் கொண்டுபோய்விடலாம்.

4. குறிபார்த்தல்

பூலில் குறிபார்க்கப் பரவலாகச் சொல்லித்தரும் முறை ஆவிப்பந்து முறை. அடிபட வேண்டிய பந்தைத் தொட்டபடி, குழிக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பந்து இருப்பதாகக் கற்பனை செய்து, வெள்ளைப் பந்தை அந்த இடத்துக்கு அனுப்ப வேண்டும். கேரமில் சிறுவர்கள் செய்வதும் இதேதான். யாரும் அவர்களுக்கு ஆவியை அறிமுகப்படுத்தவில்லை.

வேறுபாடு எடையில் இருக்கிறது. பூல் பந்துகள் சம எடை கொண்டவை. சுழலாமல் வழுக்கி வரும் வெள்ளைப் பந்து நேராக மோதினால் அங்கேயே நின்றுவிடும். சாய்வாக மோதினால் இரண்டும் ஏறத்தாழ 90 பாகையில் பிரியும். ஸ்ட்ரைக்கரோ 5 கிராம் காயைப் போல மூன்று மடங்கு எடை. எவ்வளவு சாய்வாக மோதினாலும் அது தன் பாதையிலிருந்து 20 பாகைக்கு மேல் விலகாது என்கிறது இயற்பியல். காயைப் போட்ட மகிழ்ச்சி அடங்குமுன் ஸ்ட்ரைக்கரும் பின்னாலேயே குழிக்குள் போய் மைனஸ் ஆவதற்கு இதுவே காரணம். ‘கை நழுவிருச்சு மாப்ள’ என்னும் வழக்கமான விளக்கத்துக்கு அறிவியல் ஆதரவு இல்லை.

மேலும் ஒரு கணக்கு. வெள்ளைப் பந்தின் மையத்தை எதிர்ப்பந்தின் விளிம்புக்கு நேராகச் செலுத்தினால் அப்பந்து 30 பாகையில் விலகும். கேரமில் ஸ்ட்ரைக்கர் பெரிது, காய் சிறிது. அதே குறியில் காய் ஏறத்தாழ 25 பாகையில்தான் விலகும். பூல் பழகிய கை இந்த ஐந்து பாகையைக் கவனிக்காமல் சுண்டினால், பாதி போர்டு தாண்டுவதற்குள் காய் 3 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். பூல் குழியின் வாய் பந்தைப் போல இரு மடங்கு. கேரம் குழியோ 4.45 சென்டிமீட்டர், காய் மூன்றுக்குச் சற்று மேல். எடை குறைந்த ஆட்டத்தில்தான் மன்னிப்பும் குறைவு.

5. இளையோர் எதிர்காலம்

கேரமின் உலகக் கூட்டமைப்பு 1988இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. 1991இல் டெல்லியில் நடந்த முதல் உலகப் போட்டியில் வென்றவர் சென்னையின் மரிய இருதயம். 1995இல் மீண்டும் வென்றார், 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். வியாசர்பாடி இளவழகி 2008இல் உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில், ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா மூன்று தங்கம் வென்றார். தமிழ்நாடு அரசு ஒரு கோடி ரூபாய் வழங்கியது. வெற்றிமாறனின் ‘வட சென்னை’ நாயகன் கேரம் ஆட்டக்காரனாக வருவது திரைக்கதையின் தற்செயல் அன்று.

குச்சிப் பக்கமும் வெறுமையில்லை. கல்கத்தாவில் 1958இல் உலக பில்லியர்ட்ஸ் பட்டம் வென்ற வில்சன் ஜோன்ஸ், எந்த விளையாட்டிலும் தனிநபர் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர். 2025 நவம்பரில் தோகாவில் சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டத்தைக் கைப்பற்றினார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 1998 முதல் 2010 வரை குச்சி ஆட்டங்களுக்கு இடமிருந்தது. பங்கஜ் அத்வானி 2006இலும் 2010இலும் தங்கம் வென்றார். கேரமுக்கு அங்கே இன்னும் நாற்காலி போடப்படவில்லை.

ஆக, சாம்பியன்கள் எளிய தெருக்களிலிருந்து வருகிறார்கள். பன்னாட்டு மேடையோ கனத்த மேசைக்கே முதலில் விரிகிறது. ஆலங்குடி இளைஞர் கேரமில் விரலைப் பழக்கிக்கொண்டு, மேசை கிடைக்கும் ஊருக்குப் படிக்கவோ வேலைக்கோ போகும்போது குச்சியையும் தொட்டுப் பார்ப்பது ஆய்வாளரின் பரிந்துரை. ஐந்து பாகையை மட்டும் ஞாபகமாகத் திருத்திக்கொள்ள வேண்டும்.

6. மேலாய்வுக்கு

ஆடுபவரைவிடச் சுற்றி நிற்பவருக்கே குறி துல்லியமாகத் தெரிவது ஏன், ரெட்டைப் போட்டதும் அதைத் தொடர்ந்து போட வேண்டிய ஃபாலோ காய் மட்டும் ஏன் குழியின் விளிம்பில் வந்து நின்றுவிடுகிறது, காணாமல் போன காய்க்குப் பதில் வைக்கும் சோடா மூடி கறுப்பா வெள்ளையா ஆகிய மூன்றும் தீராமல் கிடக்கின்றன. மூன்றாவதைப் பற்றிய களப்பணி தொடங்கி, முதல் ஆட்டத்திலேயே இரு தரப்பும் மூடியைத் தமதென்று சொன்னதால் ஒத்திவைக்கப்பட்டுள்ளது.