குடித்தவர் நீட்டிய பில்

கப்ரியேல் தெ கிளியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி 1720களில் ஒரு காபிக் கன்றைக் கப்பலேற்றி மார்த்தினீக் தீவுக்குக் கொண்டுபோனார். நடுக்கடலில் தண்ணீர்த் தட்டுப்பாடு. தனக்கு அளந்து கொடுத்ததைக் கன்றுக்கு ஊற்றியே காப்பாற்றினாராம். சாட்சி யார் என்றால், வயதான பிறகு அவரே எழுதிய கடிதம்தான்!

அக்கம்பக்கத் தீவுகளிலும் காபி பரவியது. இன்றைய ஹெய்ட்டி அன்று சான் தொமாங்க் என்ற பிரெஞ்சுக் காலனி. சமவெளியைக் கரும்பு முன்பே வளைத்துப் போட்டிருந்ததால் காபி மலையேறிக்கொண்டது. 1780களின் கடைசியில் உலகக் காபியில் ஏறக்குறையப் பாதி அங்கே விளைந்தது. பாரிஸ் காபிக் கடைகளில் மேதாவிகள் மனித உரிமை பற்றித் தொண்டை வறளப் பேசினார்கள். தொண்டையை நனைத்த காபியோ அடிமைகள் பறித்தது.

1791 ஆகஸ்டில் அந்த அடிமைகள் எழுந்தார்கள், தோட்டங்கள் எரிந்தன. தலைவராக உயர்ந்த தூசான் லூவெர்த்யூர் தானும் அடிமையாக இருந்து விடுதலையானவர். நடுவில் ஒரு காபித் தோட்டத்தை அடிமைகளோடு சேர்த்தே குத்தகைக்கு எடுத்து நடத்தியவரும்கூட. வரலாறு சுத்தமான கதாநாயகர்களைச் சப்ளை செய்வதில்லை. 1801 கடைசியில் நெப்போலியன் தன் தங்கை புருஷன் லெக்லேர் தலைமையில் படை அனுப்பினார். கொசுக்கள் மஞ்சள் காய்ச்சலோடு வரவேற்றன. மாப்பிள்ளை திரும்பவில்லை. 1804 ஜனவரி 1 அன்று ஹெய்ட்டி சுதந்திர நாடானது.

1825இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்ல்ஸ் 14 போர்க்கப்பல்களோடு ஓலை அனுப்பினார்: உங்கள் சுதந்திரத்தை ஒப்புக்கொள்கிறோம், எங்கள் ஆட்கள் இழந்த சொத்துக்கு 15 கோடி பிராங்க் எடுத்து வையுங்கள். இழந்த சொத்துக் கணக்கில் அந்த அடிமைகளும் அடக்கம். தோட்டத்தில் உழைத்தவர்கள் தங்களுக்கான விலையைத் தாங்களே கட்ட வேண்டும்!

கஜானா காலி. முதல் தவணைக்குப் பாரிஸ் வங்கிக்காரர்களிடமே 3 கோடி கடன்; கமிஷன் போகக் கைக்கு வந்தது 2.4 கோடி. சம்பந்தி வீட்டில் கடன் வாங்கிச் சம்பந்திக்கே சீர் செய்த கதைதான். 1838இல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்துப் பெருந்தன்மை காட்டினார்கள். கட்டியது யார்? மலையில் காபி பறித்த குடியானவன்தான். ஏற்றுமதியாகும் காபி மீது போட்ட வரியாக.

பில் நீட்டிய மன்னரை அவருடைய மக்களே 1830இல் துரத்திவிட்டார்கள். பில்லைத் துரத்த மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. கடனை அடைக்கக் கடன், அதை அடைக்க இன்னொரு கடன் என்று நீண்டு, கடைசிப் பாக்கி தீர்ந்த வருடம் 1947.