எங்கள் ஊரின் 1984

டோம்பிவிலியிலிருந்து பம்பாய் வி.டி. போகும் ஃபாஸ்ட் லோக்கலில் எங்கள் கோஷ்டிக்கென்று ஒரு மூலை இருந்தது. இரண்டு பாங்க் குமாஸ்தாக்கள், மாதுங்காவில் வேலை பார்த்த ஒரு கல்லூரி ஆசிரியர், செயலகத்தில் டைப்பிஸ்டாக இருந்த ஒருவர், நான். ஒரே பேப்பரை ஐந்து தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாகப் படித்து, காட்கோபர் வந்ததும் மாற்றிக்கொள்வோம். க.நா.சு. மொழிபெயர்த்த விலங்குப் பண்ணையை ஏற்கெனவே படித்திருந்தோம். 1984ஆம் வருஷம் பிறந்தபோது, ஜார்ஜ் ஆர்வெல்லின் இன்னொரு நாவல் கை மாறிக்கொண்டிருந்தது. அதன் தலைப்பே அந்த வருஷம்தான்; வீட்டுக்குள் திரை வைத்து ஆட்களைக் கண்காணிக்கும் ஒரு அரசின் கதை. ஆர்வெல் சொன்னது பலித்ததா என்று அந்த ஜனவரியில் உலகப் பத்திரிகைகளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன.

எங்களைக் கேட்டால், அது வந்துவிட்டுப் போய்விட்டது என்றுதான் சொல்லியிருப்போம். ஆர்வெல் பிறந்தது பிகாரில், மோதிஹாரியில், 1903 ஜூன் 25 அன்று. இந்திரா காந்தி நெருக்கடி நிலையைக் கொண்டுவந்ததும் ஒரு ஜூன் 25, 1975இல். சில நாட்களுக்குள் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் பம்பாய்ப் பதிப்பில் ஒரு மரண அறிவிப்பு வெளியானது. இறந்தவரின் ஆங்கிலப் பெயரைச் சேர்த்துப் படித்தால் ஜனநாயகம் என்று வரும். காலமான நாள் ஜூன் 26. தணிக்கை அதிகாரிகள் கண்ணில் அது படவில்லை. படித்தவர்கள் வாய்விட்டுச் சிரிக்கவும் பயந்து பேப்பரை மடித்து வைத்துக்கொண்டார்கள். மறு வருஷம் கட்டாயக் கருத்தடைக்கான மசோதாவை மகாராஷ்டிர சட்டமன்றம் நிறைவேற்றியது. ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்காததால் அது சட்டமாகவில்லை. 1977இல் ஓட்டுப்போட்டு ஆட்சியை மாற்றினோம். அதனால் 1984இல் அந்த நாவலை ஒரு பழைய காய்ச்சலின் மருத்துவக் குறிப்பைப் போல நிதானமாகப் படிக்க முடிந்தது.

அந்த வருஷம் டிசம்பர் 2 நள்ளிரவில் போபால் யூனியன் கார்பைட் ஆலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் கசிந்தது. தூக்கத்திலேயே செத்தவர்களும், ஓடி ஓடி விழுந்து செத்தவர்களும் ஆயிரக்கணக்கில். செய்தி வந்த காலையில் எங்கள் மூலையில் யாரும் பேப்பரைப் பிரிக்கவில்லை. எங்கள் ஊரான டோம்பிவிலியிலும் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டை இருக்கிறது. ரசாயன ஆலைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் நடுவே சில இடங்களில் ஒரு தெருதான்.

ராஜ்குமார் கேஸ்வானியின் பெயரை அதற்குப் பிறகுதான் கேள்விப்பட்டேன். போபாலில் சின்னதாக ஒரு வார ஏடு நடத்தியவர். இந்த ஆலை ஊரையே கொன்றுவிடும் என்று 1982லேயே எழுதினார், திரும்பத் திரும்ப எழுதினார். ஆர்வெல்லின் நாட்டில் அவரை இரவோடிரவாகத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். இங்கே யாரும் அவரைத் தொடவில்லை, அவர் ஏட்டைப் பறிமுதல் செய்யவில்லை. எழுதியது அப்படியே அச்சாகி வந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான். எனக்கு அந்த நாவலைவிட இது அதிகம் பயம் தந்தது, இன்றும் தருகிறது. நாவலில் வரும் அரசுக்கு எல்லாம் தெரியும், கட்சிக்காரன் ஒவ்வொருவனின் முகச்சுளிப்பும் தெரியும். எங்கள் அரசு யாரைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்காமல் விட வேண்டும் என்று பழகியிருந்தது.

இன்றைக்கு மேல்மாடிப் பெண் என்னிடம், "மாமா, நீங்க சொல்ற அந்தப் புக்கு மாதிரியே ஆயிடுச்சு, பாத்தீங்களா?" என்கிறாள். அவள் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள், சொல்வதில் நியாயம் இருக்கிறது. சொசைட்டி கேட்டில் காமிரா, லிஃப்டில் காமிரா, பிளாட்ஃபார்மில் காமிரா. முதல் ஆதார் எண் 2010இல் எங்கள் மாநிலத்து நந்துர்பார் மாவட்டத்தில், டெம்ப்லி கிராமத்தில்தான் கொடுக்கப்பட்டது. இன்று பெரும்பாலும் கட்டைவிரல் வைத்தால்தான் ரேஷன். காமிரா வேண்டும் என்று கேட்டவர்களும் நாங்கள்தான். 2006 ஜூலை 11 மாலை வெஸ்டர்ன் லைன் ரயில்களில் குண்டு வெடித்த பிறகு அப்படிக் கேட்டதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன்.

அரசின் அந்தப் பழைய கண்ணும் மூடிவிடவில்லை. 2012 நவம்பரில் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே இறந்தபோது மும்பை ஏன் கடையடைக்க வேண்டும் என்று பால்கர் பெண் ஒருத்தி ஃபேஸ்புக்கில் எழுதினாள். அவள் தோழி அதற்கு லைக் போட்டாள். இருவரையும் கைது செய்தார்கள். அதற்குப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய 2015 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு லைக்கை அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்த கண்ணுக்கு, 2014 ஜனவரியில் எங்கள் ஊரில் பச்சை நிறத்தில் பெய்த மழை என்ன சொன்னது? 2020 பிப்ரவரியில் எம்.ஐ.டி.சி. சாலை ஒன்று இளஞ்சிவப்பாக மாறியதே, அது? 2016 மே 26 அன்று ஒரு ஆலை வெடித்துப் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். 2024 மே 23 அன்று மறுபடி வெடித்தது. பத்துப் பேருக்கு மேல் போனார்கள், தூரத்து வீடுகளில்கூட ஜன்னல் கண்ணாடி உதிர்ந்தது. சில உடல்களை டி.என்.ஏ. சோதனை செய்துதான் இன்னார் என்று சொல்ல முடிந்தது. அன்று மத்தியானமே பல பில்டிங்குகளின் காமிராப் பதிவுகள் எல்லார் போனுக்கும் வந்துவிட்டன. புகை எழுவது, கண்ணாடி நொறுங்குவது, வாட்ச்மேன் குனிந்து தலையைப் பொத்திக்கொள்வது, எல்லாம் துல்லியமாக இருந்தது. ஆலைக்குள் எது எவ்வளவு வைத்திருந்தார்கள் என்று மட்டும் வெளியில் குடியிருந்தவர்களுக்குத் தெரியாது.

எங்கள் கேட்டில் தினமும் காலையில் பார்க்கிறேன். வீட்டு வேலைக்கு வரும் பெண் வாட்ச்மேனிடம் தன் எண்ணைச் சொல்கிறாள், அவர் சொசைட்டி ஆப்பில் தட்டுகிறார், அவள் எத்தனை மணிக்கு வந்தாள் என்பது அவள் வேலை செய்யும் எல்லா வீட்டுக்கும் போகிறது. போகும்போது பையைத் திறந்து காட்டுகிறாள். அந்த ஆப்பில் அவளுக்கு நட்சத்திர மதிப்பெண் போடலாம். அவள் வீடு எம்.ஐ.டி.சி. பக்கம். 2024இல் அவள் வீட்டு ஓடுகள் விழுந்தன. ஆர்வெல் இவளைப் பற்றித் தனியாக எழுதவில்லை. அவர் நாவலில் பெரும்பாலான உழைப்பாளிகளுக்குத் திரை கிடையாது, கண்காணிப்பு பெரும்பாலும் கட்சிக்காரர்கள் மீதுதான். எங்கள் ஊரில் அது தலைகீழ்.

ஆர்வெல் இல்லை, இன்பத்தில் மயங்கிக் கிடக்கும் சமூகத்தை நாவலாக எழுதிய ஹக்ஸ்லிதான் சரியாகச் சொன்னார், ஜனங்கள் போனில் மயங்கிக் கிடக்கிறார்கள் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. திவாவிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வருகிற பெண் போனில் சீரியல் பார்த்தால் அது மயக்கம் இல்லை, ஓய்வு. படிப்பும் செத்துவிடவில்லை. 2017இல் அகில பாரத மராத்தி சாகித்ய சம்மேளனம் எங்கள் ஊரில்தான் நடந்தது. இங்கே வாடகை நூலகத்துக்கு இன்னும் ஆள் வருகிறது.

போபாலுக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஆபத்தான ஆலை தன்னிடம் என்ன இருக்கிறது, விபத்து நடந்தால் என்ன செய்வது என்பதைத் தொழிலாளிக்கும், உள்ளாட்சிக்கும், அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றது அது. அபாயகர ரசாயனங்களுக்கான 1989 விதிகளும் அதையே சொல்கின்றன. இத்தனை காலத்தில் எங்கள் பில்டிங்கில் ஒருவருக்கும் அப்படி ஒரு காகிதம் வந்ததில்லை.

எங்கள் சொசைட்டியின் போன பொதுக்குழுவில் புதிய காமிராக்களுக்குப் பணம் ஒதுக்கினார்கள். நான் எழுந்து இந்தப் பிரிவைப் படித்தேன். "அது நம்ம வேலை இல்லையே" என்றார் ஒருவர். மேல்மாடிப் பெண் எழுந்து, "மாமா சொல்றதத்தான் முதல்ல கேக்கணும்" என்றாள். அவளே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மராத்தியில் மனு எழுதினாள். அவள் தொகுத்த கேள்விகள் இவை: எங்களைச் சுற்றியுள்ள ஆலைகளில் என்னென்ன ரசாயனம், எத்தனை டன்? கடைசியாக யார், எந்தத் தேதியில் சோதனை செய்தார்கள்? அபாயச் சங்கு எங்கே இருக்கிறது? வெடித்தால் நாங்கள் எந்தப் பக்கம் ஓட வேண்டும்?