செவ்வாய் வெறுவாய்

ஏப்பா பேராண்டி, கொல்லைக்குப் போற வழியில சன்னல்ல எட்டிப் பார்த்தேன். ஒன் கம்ப்யூட்டர் மூலையில அப்டேட்டுன்னு ஒரு பெட்டி மொளைச்சுக் கெஞ்சுது. நீ அதைப் படிக்காமலே ‘பிறகு நினைவூட்டு’ல ஒரு தட்டுத் தட்டுன. சபாஷ்! கடன் கொடுத்தவன் வாசல்ல வந்து நின்னா ஒங்கப்பனும் இப்படித்தான் ‘நாளைக்கு வாங்க’ம்பான். ரத்தம் பேசுது.

எனக்கென்ன தெரியும், நான் கைநாட்டு. ஒங்க அக்காகிட்டத்தான் கேட்டேன். மைக்ரோசாஃப்ட்காரன் 2003-லேருந்து மாசாமாசம் ரெண்டாவது செவ்வாக்கிழமை விண்டோஸ் ஓட்டைக்கு ஒட்டு விடுறானாம். நம்மூருக்கு வந்து சேர ராத்திரி பத்தரையோ பதினொன்றரையோ ஆயிருமாம். செவ்வாய் வெறுவாய்னு சும்மாவா சொன்னாக? ‘தம்பிக்குச் சோம்பேறித்தனம்’னு அவ சொன்னா. ‘இல்லடி ஆத்தா, அவன் சாஸ்திரம் பார்க்குறான்’னு நாந்தான் ஒன்னைய விட்டுக்கொடுக்காமப் பேசுனேன்.

ஒன்னை மாதிரி சாஸ்திரம் பார்த்தவுக 2017-ல ஒலகம் பூரா இருந்திருக்காக. பங்குனி பொறந்த அன்னைக்கு, மார்ச் 14, செவ்வாதான், ஒரு பெரிய ஓட்டைக்கு ஒட்டு வந்துருச்சு. பெறகு பார்த்துக்கலாம்னு விட்டாக. சித்திரைக் கடைசியில, மே 12-ஆம் தேதி, வான்னாக்ரைன்னு ஒரு புழு கெளம்புச்சு. அதுக்கு யாரும் எதையும் தட்டித் திறக்க வேண்டியதில்ல. ஓட்டை இருந்தாப் போதும், ஒரு கம்ப்யூட்டர்லேருந்து அடுத்ததுக்குத் தானே ஊர்ந்து போயி, உள்ள இருக்கறதைப் பூராம் பூட்டிட்டு, 300 டாலர் வச்சாத்தான் சாவின்னுச்சு. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகள்ல ஆபரேஷனைத் தள்ளி வச்சாக. திருப்பதி தேவஸ்தானத்து ஆபீஸ் கம்ப்யூட்டரும் மாட்டுச்சு. ஏழுமலையானுக்காவது உண்டியல் இருக்கு. ஒனக்கு என்ன இருக்கு?

சின்ன ஓட்டைதானேன்னு மட்டும் சொல்லிராத. பொரட்டாசியில நம்ம கண்மாய்க் கரையில நண்டு வளை தேடிக்கிட்டே நடப்போம். கட்டைவெரல் நுழையுற வளைதான் இருக்கும். குச்சிய விட்டு எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்து, மம்பட்டியால வெட்டித் தொறந்து, களிமண்ணையும் வைக்கோலையும் பெசைஞ்சு திணிச்சு, ஏறி மிதிப்போம். ஒரு வருசம் ஒங்க பெரிய அய்யா கணக்கா ஒரு ஆளு, ‘இம்புட்டூண்டு வளை, பொங்கல் கழிச்சுப் பார்ப்போம்’னாரு. ஐப்பசி அடைமழையில கரைக்கு வெளிப்பக்கம் தண்ணி கலங்கலாக் கசிஞ்சுச்சு. விடியறதுக்குள்ள அந்த வழியில மாட்டுவண்டி போகலாம். அந்தத் தையில யாரு வீட்டுலயும் புதுநெல்லு இல்ல, ரேஷன் அரிசிப் பொங்கல்தான்.

ஆனா நண்டுக்குக் கெட்ட எண்ணம் கெடையாது. ஒன் ஓட்டைக்கு ஆளு வேற. ஒட்டு வந்த அன்னைக்கே, அதைப் பிரிச்சுப் பார்த்து ஓட்டை எங்கன இருக்குன்னு திருடனும் தெரிஞ்சுக்கிறானாம். பெறகு எவன் இன்னும் அடைக்கலையோ அவன் வீட்டைத் தேடி வர வேண்டியதுதான் பாக்கி.

தெரியும், ஒன் வாயில என்ன இருக்குன்னு. ‘அய்யா, அப்டேட்டாலதானே 2024-ல ஏர்போர்ட்டெல்லாம் நின்னுச்சு, போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாக’ம்ப. நெசந்தான், ஜூலை 19, 85 லட்சம் விண்டோஸ் பெட்டி படுத்துருச்சு. ஆனா அதை விட்டது மைக்ரோசாஃப்ட் இல்ல, பெரிய கம்பெனிகள் காவலுக்கு வச்சிருக்கிற கிரவுட்ஸ்ட்ரைக். அது நம்ம வீட்டுப் பக்கமே வரல. அதோட அன்னைக்கு என்ன கிழமைங்கிற? வெள்ளிக்கிழமை! புதுநெல்லுச் சோறு கொழையும்னு பயந்தா நாலு நாள் ஆறப்போடு, ஒத்துக்கிறேன். நீ நாலு மாசம்ல போட்டு வச்சிருக்க.

ஒங்க அக்கா பள்ளிக்கூடத்துல வாங்குன அரசாங்க லேப்டாப்பு விண்டோஸ் 7. அதுக்கு ஒட்டு விடுறதை நிறுத்துன நாளு 2020 ஜனவரி 14. செவ்வாக்கிழமை மட்டுமில்ல, போகி! அன்னைக்கு நாம கிழிஞ்ச பாயெல்லாம் கொளுத்துனோம், அதை மட்டும் மஞ்சத்துணி போட்டு மூடி வச்சோம். ஒன்னோட விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல, தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கையில, கடையைச் சாத்திட்டான். அதுவும் செவ்வா. மைக்ரோசாஃப்ட் கணக்கு வச்சுப் பேரைப் பதிஞ்சா 2026 அக்டோபர் 13 வரைக்கும் ஒட்டு உண்டுங்கிறாக. நீ பதிஞ்சியா? அந்தப் பெட்டி அதைத்தாம்ப்பா கெஞ்சிக்கிட்டு இருந்திருக்கும்.

விண்டோஸ் 11 ஒன் பழைய பெட்டியில ஏறாது. இன்டெல்லுன்னா எட்டாந் தலைமுறையாவது வேணுமாம். நம்ம வீட்டுல மூணாந் தலைமுறையே இந்தப் பாடு. அக்கா லேப்டாப்புல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சே, மெட்ராஸ்ல சி-டாக்காரக செஞ்சது, அதை என்னைக்காவது தொறந்து பார்த்தியா? அது மாதிரி புதுசா ஒரு லினக்ஸைப் போட்டா ரெண்டு பழைய பெட்டியும் இன்னும் கொஞ்ச காலம் ஓடும்னு அவ சொல்றா. சல்லிக்காசு செலவில்ல. அதனாலதான் ஒனக்குப் பிடிக்கலையோ என்னமோ.

சரி, காலேஜு வேலையைப் பென்டிரைவுல எடுத்துக்கிட்டியா? சார்ஜரைச் செருகு. இப்ப அப்டேட்டைத் தட்டு. இந்தா, 37 சதவீதம்னு சுத்த ஆரம்பிச்சிருச்சு. நடுவுல அமுக்கி அணைச்சுப்புடாத. பக்கத்துல குத்த வச்சுப் பார்த்தா வெரசா முடிஞ்சிருமா? வா, டீக்கடை வரைக்கும் போயிட்டு வருவோம். காசை நீ கொடு.

என் பங்கா? பிறகு நினைவூட்டு.