கழுதை யார்? ஆற்றில் மிதந்து மீன் பிடித்தல் குறித்து ஓர் ஆய்வு

காலையில் ஒரு மேல்துறையில் கயாக்கை இறக்கி, தண்ணீர் போகிற போக்கில் மிதந்து, வழியில் தூண்டில் போட்டு, மாலையில் எங்காவது ஒரு கீழ்த்துறையில் கரையேறுவது. இதுவே நம் ஆய்வுப்பொருள். இதில் 'எங்காவது' என்ற சொல்லை வாசகர் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டும் நாங்கள் குறித்துக்கொள்ளாத ஒரே சொல் அதுதான்.

ஆய்வுக் களம், கொடுமுடியிலிருந்து புகலூர் வரையிலான காவிரி. ஆய்வுக்குழு, நானும் என் மச்சினனும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும். கருவிகள், இரண்டு பிளாஸ்டிக் கயாக், தூண்டில் மூன்று, தங்கூசி நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, ஒரு டப்பா மண்புழு, பரோட்டாக் கடையில் வாங்கிய மாவு உருண்டை, கட்டுச்சோறு. இன்னும் மேலே போய் இறங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: மேட்டூருக்கும் பவானிக்கும் இடையில் மட்டும் செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று நான்கு கதவணைகள். மின்சாரத்துக்கு அவை நல்லவை. மிதக்க வந்தவனுக்கு அந்த இடத்தில் காவிரி ஆறில்லை, படிக்கட்டு.

முதலில் சொற்பொருள். மிதத்தல் என்பது துடுப்பைத் தண்ணீரில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டிருத்தல். மீன் பிடித்தல் என்பது தூண்டிலைத் தண்ணீரில் போட்டுவிட்டு மடியில் ஒன்றும் இல்லாதிருத்தல். இவ்விரண்டையும் ஒருசேரச் செய்யலாமோ எனின், ஆகாது என்பதே நம் துணிபு. என்னை? மீன் உள்ள இடத்தில் நிற்க வேண்டும் என்பது தூண்டில்காரன் விருப்பம். நிற்கக் கூடாது என்பது ஆற்றின் குணம். பாறை மறைவில் கெளுத்தி கிடக்கும் என்று கண்டுபிடித்து, முள்ளில் புழுவைக் கோத்து நிமிர்ந்தால், பாறை பின்னால் போய்ச் சிறுத்திருக்கும். அற்றேல் நங்கூரம் போடுவோம் எனின், போடலாம். ஆனால் கயிற்றைக் கயாக்கின் மூக்கிலோ வாலிலோதான் கட்ட வேண்டும். நடுவில் பக்கவாட்டாகக் கட்டினால் ஓடும் தண்ணீர் படகைக் குறுக்கே நிறுத்தி அமுக்கிக் கவிழ்த்துவிடும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது. இக்கட்டுரையில் விளையாட்டுக்கு எழுதாத வரிகள் இவை மட்டுமே.

அடுத்து, இந்தச் செயல் எந்தத் திணையில் அடங்கும் என்று தமிழாசிரியர் எழுப்பிய வினா. புனலாட்டு மருதத்துக்கு உரியது. வலையும் தூண்டிலும் நெய்தலுக்கு உரியவை. கயாக்கோ வடதுருவத்து இன்யூட் மக்கள், ஆற்றில் அடித்துவந்த மரத்தையும் எலும்பையும் கட்டிச் சட்டமாக்கி, மேலே நீர்நாய் போன்ற சீல் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகு. ஐந்து திணையிலும் பனிக்கட்டி இல்லையே என்று ஆசிரியர் நெடுநேரம் வருந்தினார். இந்த ஒரு வினாவுக்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் எண்ணிக்கையில்லாத டீயும் செலவாயின. கடைசியில் பாலை என்று முடிவு செய்தோம். போனவர் திரும்பிவரும் வழி தெரியாமல் வீட்டில் உள்ளவர்கள் வாடுவது பாலை. அப்போது அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னோம்.

காலம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூரில் டெல்டாப் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அணையில் இருப்பு உண்டா, கர்நாடகத்தில் மழை உண்டா என்பதைப் பொறுத்து அது முன்பின் ஆகும். ஆகவே கொடுமுடியில் மிதக்க விரும்புகிறவர் மேகத்தைப் பார்த்துப் பயனில்லை, செய்தித்தாளில் 'அணை நிலவரம்' பார்க்க வேண்டும். வினாடிக்கு ஒரு கன அடி என்றால் 28 லிட்டருக்குச் சற்று மேல். அந்த எண் ஆயிரங்களில் இருக்கும்போது ஆறு நம்மைச் சுமக்கிறது. லட்சத்தை நெருங்கும்போது கரையோர ஊர்களை எச்சரிக்கிறார்கள். அன்று தூண்டிலைக் கையில் எடுக்காமல் இருப்பதே கல்வி.

இனி ஆய்வின் மையம். திரும்பி வருவது எப்படி?

கயாக்கைக் கண்டவர்களுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. அவர்கள் போனது கடலுக்கு. கடல் ஒருவழிப் பாதை அல்ல. புறப்பட்ட கரைக்கே துடுப்புப் போட்டு வந்துவிடலாம். நம் பரிசல்காரர்களுக்கும் எழவில்லை. அவர்கள் ஆற்றைக் குறுக்கே கடக்கிறார்கள்; அக்கரைக்குப் போனால் இக்கரைக்கு வந்தாக வேண்டும், அதுதான் தொழில். ஆற்றோடு கீழே போய்விட்டு, மேலே நிற்கும் காருக்காகக் கீழே நின்று கவலைப்படுவது ஓய்வுநாள் கண்டுபிடித்த துன்பம்.

புலி, ஆடு, புல்லுக்கட்டுக் கணக்கைச் சின்ன வயதில் எல்லாரும் போட்டிருக்கிறோம். அதில் படகு ஒன்று, சிக்கல் மூன்று. நம் கணக்கில் படகு இரண்டு, கார் ஒன்று, பைக் ஒன்று. எதுவும் எதையும் தின்னாது என்பது ஒன்றுதான் ஆறுதல். பைக் கார் மேல் ஏறாது, கார் ஆற்றில் இறங்காது, கயாக் இரண்டும் கரையில் தனியாகக் கிடந்தால் திரும்பும்போது கிடக்காது. சாலைத் தூரத்தை 'த' என்போம். காலையில் காரும் பைக்கும் கீழ்த்துறைக்குப் போகின்றன: 2த. பைக்கை அங்கே விட்டுவிட்டு இருவரும் காரில் மேல்துறைக்கு வருகிறார்கள்: 3த. மிதக்கிறார்கள். மாலையில் ஒருவர் பைக்கில் மேலே வருகிறார்: 4த. காரை எடுத்துக்கொண்டு கீழே போகிறார்: 5த. கயாக்கைக் கட்டி, மற்றவரையும் ஏற்றிக்கொண்டு மேலே வருகிறார்: 6த. 'த' 18 கிலோமீட்டர் என்றால், ஆற்றில் ஒருமுறை நிம்மதியாக இறங்கிப் போவதற்காகச் சாலையில் 108 கிலோமீட்டர். எண்ணிக்கை 108 ஆக அமைந்ததில் என் மச்சினனுக்கு மகிழ்ச்சி. கொடுமுடியில் மகுடேஸ்வரருக்கு எதிரே நின்று கூட்டிப் பார்த்தபோது இது சகுனம்தான் என்றான்.

இந்தச் சிக்கலை வெகு காலத்துக்கு முன்பே தீர்த்தவர்கள் யூப்ரடீஸ் ஆற்று வணிகர்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆர்மீனியாப் பக்கத்தில் வளாரை வளைத்துச் சட்டம் கட்டி, தோல் போர்த்தி, கேடயம் போல வட்டமாகப் படகு செய்வார்கள். நம் பரிசல்தான் அது. ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லலாம். சரக்கை ஏற்றி நீரோட்டத்தோடு பாபிலோனுக்கு வருவார்கள். ஆறு வேகமானது, எதிர்த்துப் போக முடியாது. ஆகவே ஒவ்வொரு படகிலும் உயிரோடு ஒரு கழுதை, பெரிய படகென்றால் ஒன்றுக்கு மேல். பாபிலோனில் சரக்கை விற்று, படகின் சட்டத்தையும் விற்று, தோலை மட்டும் கழுதை மேல் சுருட்டிப் போட்டுக்கொண்டு நடந்தே ஊர் திரும்புவார்கள்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எவ்வளவு சுத்தமான தீர்வு! ஆறு அவர்களைச் சுமக்கிறது, அவர்கள் கழுதையைச் சுமக்கிறார்கள், பிறகு கழுதை சுமக்கிறது. பைக்கைக் கொண்டுபோய்க் கீழ்த்துறையில் நிறுத்துகிற வேலையே கிடையாது. சாவியும் கிடையாது. நான் இதற்குக் கழுதைத் தேற்றம் என்று பெயரிடுகிறேன்: மிதந்து போகும் ஒவ்வொரு பயணத்திலும் ஒரு கழுதை உண்டு, அது யார் என்று புறப்படும் முன்பே தீர்மானிக்காவிட்டால், போய்ச் சேர்ந்தபின் தானாகத் தீர்மானமாகும்.

தேற்றத்துக்கு நவீன காலச் சான்றும் இருக்கிறது. மிதந்துபோய் மீன் பிடிப்பதை ஒரு தொழிலாகவே வளர்த்தது அமெரிக்காவின் ஓசார்க் மலைப்பகுதி. மிசௌரி மாநிலத்தில் ஜேம்ஸ் ஆற்றில் கலீனா என்ற ஊரில் படகேறி, வளைந்து வளைந்து ஐந்து நாள், சுமார் 200 கிலோமீட்டர் மிதந்து, வெள்ளை ஆற்றங்கரையில் பிரான்சன் ஊரில் இறங்குவார்கள். 1906இல் அங்கே இருப்புப்பாதை வந்தபின்தான் இது பெருகியது. ஆறு ஐந்து நாள் சுற்றிய தூரத்தை ரயில் நேராகப் போய்ச் சுருக்கிவிடும். படகையும் அதே ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். அங்கே கழுதைக்கு நீராவி இயந்திரம் இருந்தது. 1958இல் டேபிள் ராக் அணை வந்து அந்த வழியின் பெரும்பகுதியை மூழ்கடித்தது. அணைகளுக்கும் மிதப்பவர்களுக்கும் எந்த நாட்டிலும் ஆகாது.

நமக்கும் ரயில் உண்டே என்று ஈரோடு, கரூர் பக்கத்து வாசகர் கேட்பார். உண்டு. கொடுமுடியிலும் நிலையம், புகலூரிலும் நிலையம், பாதையும் ஆற்றை ஒட்டியே போகிறது. ஆனால் 14 அடியில் சற்றுக் குறைவான கயாக்கோடு பயணிகள் ரயிலில் ஏறினால் டிக்கெட் பரிசோதகர் எந்த வகுப்பில் உட்காரச் சொல்வார் என்பதைக் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

தேற்றத்தைக் குழுவின் முன் வைத்தேன். எதிர்பார்த்தபடி அனைவரும் ஒப்புக்கொண்டனர். எதிர்பாராதது, அனைவரும் ஒரே நேரத்தில் தமிழாசிரியரைப் பார்த்தது. கயாக் இரண்டுதானே, மூன்றாமவர் பைக்கோடு கீழ்த்துறையில் இருந்தால் போதும் என்று மென்மையாகத்தான் சொன்னோம். "முப்பத்திரண்டு வருசம் பாடம் நடத்தினவன் நான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். திணை ஆராய்ச்சியில் அவர் பங்கு மறக்கத்தக்கதல்ல.

எனவே களஆய்வு இருவரோடு நடந்தது. 3த வரை எல்லாம் சூத்திரப்படி. மணிக்கு நான்கு கிலோமீட்டர் வீதம் நாலரை மணி நேரத்தில் முடியும் என்று போட்ட கணக்கு, நின்று நின்று தூண்டில் போட்டதில் எட்டரை மணி நேரமாயிற்று. விரால் கிடைக்கும், ஆரால் கிடைக்கும் என்று ஒவ்வொரு மடுவிலும் ஒவ்வொரு பெயர் சொன்னோம். மொத்த அறுவடை, உள்ளங்கை அளவில் மூன்று ஜிலேபி. ஜிலேபியின் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வடதுருவத்துப் படகில் உட்கார்ந்து, பரோட்டா மாவைப் போட்டு, ஆப்பிரிக்க மீனைக் காவிரியில் பிடித்தோம். ஆசிரியர் இருந்திருந்தால் திணைமயக்கத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைத்திருக்காது.

கீழ்த்துறையில் பைக் நின்ற இடத்திலேயே நின்றது. அதன் சாவி, நனைந்துவிடக் கூடாதே என்ற முன்யோசனையோடு, மேல்துறையில் காருக்குள் பத்திரமாக இருந்தது.

பைக்கைச் சுற்றி நாங்கள் மூன்றாவது முறை நடந்துகொண்டிருந்தபோது பரிசல்காரப் பெரியவர் ஒருவர் கரையேறினார். பரிசலைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டார். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "ஏனுங் தம்பி, வண்டி கிளம்பலீங்களா?" சாவி கதையைச் சொன்னோம். பரிசல் சிறிது நேரம் குலுங்கியது. "அதேன் நானு எதையும் எங்கியும் உட்டுட்டுப் போறதில்லீங்" என்றது. பிறகு மேட்டில் ஏறி, பெரிய ஆமை போல வரப்பில் நடந்து மறைந்தது. ஆர்மீனியக் கழுதைக்கும் இங்கே வேலையில்லை; படகே ஆள் மேல் ஏறிவிடுகிறது. இந்தக் கோணம் ஹெரோடோட்டஸுக்குத் தோன்றவில்லை.

யார் போவது என்ற பேச்சு வந்தது. வயதில் மூத்தவன் கயாக்குக்குக் காவல் இருப்பதே முறை என்று நான் எடுத்துரைத்தேன். "ஏனுங் மாமா, நான்தானுங்களா?" என்று ஒரே ஒருமுறை கேட்டான் மச்சினன். லைஃப் ஜாக்கெட்டோடு, கால்சட்டை சொட்டச் சொட்ட டவுன் பஸ்ஸில் ஏறியவனை நடத்துநர் மேலும் கீழும் பார்த்தாராம். "பயப்படாம உக்காருங்க சார், இது முழுகாது" என்று சொல்லித்தான் டிக்கெட் கிழித்தாராம். கூட்டிப் பார்க்கையில் ஒன்று புலனாயிற்று. தொடக்கத்திலேயே பைக்கை வீட்டில் விட்டுவிட்டு, மிதந்து முடித்தபின் ஒருவர் பஸ்ஸில் மேலே போய்க் காரைக் கொண்டுவந்திருந்தால், 6த என்பது 2த ஆகவும் ஒரு டிக்கெட்டாகவும் சுருங்கியிருக்கும். அதாவது 108 கிலோமீட்டர் 36 ஆகியிருக்கும். மூன்று மாத ஆய்வில் கிடைக்காத இந்த விடையை, ஒரு மறதி அரை மணியில் கொடுத்தது.

மீன் மூன்றும் வீட்டுக்கு வருவதற்குள் கெட்டுவிட்டன. மச்சினன் ஆடிப்பெருக்கு வரை என்னோடு பேசவில்லை.

ஆய்வின் இரண்டாம் கட்டம், ஆற்றில் தண்ணீர் மிதமாக வரும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். குழுவில் ஓரிடம் காலியாக உள்ளது. மீன் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. துடுப்புப் போடத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. சொந்தமாகப் பைக் வைத்திருப்பவர்கள், சாவியை எப்போதும் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சம்மதிப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். கட்டுச்சோறு எங்கள் பொறுப்பு.