டீவி கேக்குற துண்டு

வாங்க கொம்பியூட்டர் தொரை, இப்பிடி இஸ்தோப்புல குந்துங்க. வெளியில பனி கொட்டுது, ஒனக்கு மட்டும் நெத்தியில வேர்வை. தீவாளிக்கு ஊருக்கு வந்த புள்ள, விடிஞ்சதுலருந்து லெப்டொப்பையும் டீவியையும் மாறி மாறி மொறச்சிக்கிட்டு இருக்க. மொறச்சா வேலை நடக்கும்னா, எங்க காலத்துக் கண்டக்டர் ஐயா மொறச்ச மொறைப்புக்குக் கொழுந்து தானா எந்திரிச்சி வந்து கூடையில விழுந்திருக்கணும்.

"எல்லாத்தையும் அமுக்கிப் பாத்துட்டேன் தாத்தா"ங்கிற. அதுதான்டா வெனை. எதை அமுக்குனப்போ என்னா ஆச்சின்னு கேட்டா ஒனக்கே தெரியல. நான் படிச்சது தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சாம் வகுப்பு. ஆனா இந்த லயத்துல டீவியில படம் வரலைன்னா யாரைக் கூப்புடுறாங்கன்னு போயிக் கேளு.

மொதல்ல இதைக் கேட்டுக்க. அந்தக் காலத்துத் தேயிலைத் தோட்டத்துல தொரை நேரா ஆளுககிட்ட பேச மாட்டாரு. நடுவுல பெரிய கங்காணி. திருச்சி, சேலம், ராமநாதபுரம் பக்கமெல்லாம் போயி ஆளு கூட்டியாந்தவரு அவரு. தொரை சொல்றது அவரு வழியா எறங்கும், ஆளுக சொல்றது அவரு வழியா ஏறும். அவரு பட்டியல்ல பேர் இருந்தாத்தான் அந்தக் கூட்டத்துல நீ ஒரு ஆளு. லெப்டொப்புப் படத்தை டீவிக்கு அனுப்புறதுலயும் கங்காணி வெச்ச வழி ஒண்ணு, கங்காணி இல்லாத வழி ஒண்ணு. நீ ரெண்டையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டிக்கிட்டு இருக்க.

கங்காணி வெச்ச வழிதான் குரோம்காஸ்ட், 2013-ல கூகுள்காரன் விட்டது. இங்க ரவுட்டர்தான் கங்காணி. லெப்டொப்பு ஒரு கங்காணிகிட்ட, டீவி இன்னொரு கங்காணிகிட்ட இருந்தா ஒண்ணு கண்ணுக்கு ஒண்ணு தெரியாது. நீ என்னா பண்ணி வெச்சிருக்க? டீவியை வீட்டு ரவுட்டர்ல கோத்துட்டு, லெப்டொப்பை ஒன் போன் ஹொட்ஸ்பொட்டுல கோத்திருக்க. ரெண்டையும் ஒரே வைஃபைக்குள்ள கொண்டா. அப்பவும் காணலைன்னா 'கெஸ்ட்' வைஃபையில நிக்கிதான்னு பாரு. சில கங்காணி தன் கூட்டத்து ஆளுக ஒருத்தரோட ஒருத்தர் பேசுறதையே தடுப்பான். ரவுட்டர் செட்டிங்குல 'ஏபி ஐசொலேஷன்'னு இருக்கும், அதை அணைச்சி வை. விபிஎன்னையும் அணை. ஒன் கொம்பனி லெப்டொப்பு அதைப் போட்டுக்கிட்டேதானே திரியிது? பேச்சையெல்லாம் அது கொழும்புக்குத் தூக்கிட்டுப் போயிட்டா, மூணடி தள்ளி இருக்குற டீவிக்கு என்னா கேக்கும்?

கங்காணி இல்லாத வழிக்கு மிராகாஸ்ட்னு பேரு. வைஃபை அலையன்ஸ்னு ஒரு கூட்டமைப்பு 2012-ல கொண்டாந்தது. லெப்டொப்பும் டீவியும் நேருக்கு நேரா பேசிக்கும். விண்டோஸ் 8.1-லருந்து உள்ளயே இருக்கு. விண்டோஸ் பட்டனோட 'கே'யை அமுக்குனா பட்டியல் வரும். ரவுட்டர் வேணாம், இன்டர்நெட்டும் வேணாம். ஒங்க அம்மா "டேட்டா முடிஞ்சிரும், நிப்பாட்டு"ன்னு குசினியிலருந்து கத்துறாளே, யூடியூப் ஓட்டுனா யூடியூப்புக்குத்தான் டேட்டா போகும். லெப்டொப்புலருந்து டீவிக்குப் போற படத்துக்கு ஒரு சதமும் போகாது. போயிச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லிராத.

ஆனா ஒண்ணு. வயர் வழியாத்தான் இன்டர்நெட் வருதேன்னு நடுவுல ஒருக்கா லெப்டொப்புல வைஃபையை அணைச்சி வெச்சியே, அங்கதான் கெட்டுச்சி. எதுலயும் கோக்கலைன்னாலும் அது முழிச்சிக்கிட்டு இருக்கணும், அதுதான் டீவியோட பேசுற வாயி. பழைய லெப்டொப்புன்னா அந்த வாயே இல்லாமலும் இருக்கும். 'டிஎக்ஸ்டயக்'னு தேடித் தொற, வெவரத்தையெல்லாம் சேவ் பண்ணு, அதுக்குள்ள மிராகாஸ்ட்னு தேடிப் பாரு. 'அவைலபிள்'னு இருந்தா கொறை வேற எடத்துல. இல்லைன்னா நீ இன்னைக்கு மொறச்சதெல்லாம் வீண்.

இனித் துண்டுக்கு வாரேன். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகணும்னா அப்போ கையில துண்டு இருக்கணும். இவனுக்கு இவ்வளவு கடன், கட்டுனா ஆளை விடலாம்னு எழுதுன சீட்டு. கடன் அடையிறதுக்குள்ள ஆளு அடைஞ்சிரும். 1921-ல சட்டம் போட்டு அதை ஒழிச்சாங்க. டீவிக்கு அந்தச் சங்கதி இன்னும் எட்டல போல. பெட்டிக்குள்ள நம்பர் காட்டி, அதை லெப்டொப்புல அடின்னு கேக்குது. இல்லைன்னா "இன்னாரு வந்திருக்காரு, உள்ள விடவா"ன்னு ஒரு கட்டம் போட்டுக் காத்திருக்குது. நீ லெப்டொப்பையே பாத்துக்கிட்டு இருந்தா டீவி கேட்டது ஒனக்கு எப்பிடித் தெரியும்?

நேத்து ராத்திரி கூத்து என்னான்னு தெரியுமா? நம்மளது 10-க்கு 12 அடி காம்பரா. ஒரே தகரக் கூரை, நடுவுல ஒரு செவுரு. ஒன் பட்டியல்ல நாலு வீட்டு டீவியும் வரத்தான் செய்யும். நீ பேரைப் பாக்காம அமுக்குனது பக்கத்துக் காம்பரா அத்தையோட டீவி. நாடகத்துல மாமியாக்காரி பாலுல வெசம் கலக்குற நேரம் பாத்து, ஒன் லெப்டொப்பு பேரோட ஒரு கட்டம் குறுக்க வந்து நின்னுருக்கு. வெசத்தை மருமவ குடிச்சாளா இல்லையான்னு அந்த அம்மாவுக்கு இன்னும் தெரியாது. காலையில பீலிக்கரையில என்னைப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போகுது.

அதே கட்டம் நம்ம டீவியிலயும் வந்திச்சி. ரிமோட்டு யாரு கையில? ஒங்க அப்பாயி கையில. கண்ணாடி போடாம வெரலுக்கு வந்ததை அமுக்குனா, 'டினை'யில விழுந்திருச்சி. சில டீவி அதை மறக்காது. அடுத்த தடவ யாரையும் கேக்காமலே ஒன்னை வாசலோட திருப்பி அனுப்பிரும். டீவி செட்டிங்குல யாரு வரலாம், யாரு வரக்கூடாதுன்னு ஒரு பட்டியல் இருக்கும். அதுல 'வரக்கூடாது' பக்கத்துலருந்து ஒன் பேரை எடுத்துரு. லெப்டொப்புலயும் பழைய டீவி பேரை நீக்கு. டீவியை ரிமோட்டுல அணைச்சா பத்தாது, செவுத்துல பிளக்கைப் புடுங்கி ஒரு வெத்தல போடுற நேரம் விட்டு மாட்டு. டீவிக்கு நம்ம வீட்டுப் பேரா ஒண்ணு வெச்சிரு, அத்தை வீட்டுச் சண்டை மிச்சம். பொறவு கேளு. கேக்குறப்போ ரிமோட்டு ஒன் கையில இருக்கட்டும்.

ஒன் தங்கச்சி ஐபோனை வெச்சிக்கிட்டு விண்டோஸ் லெப்டொப்புக்குப் படம் அனுப்பப் பாக்குறா. ஆப்பிள்காரனுக்கு ஏர்ப்ளேதான், மிராகாஸ்ட் பேசவே மாட்டான். அன்ட்ரொயிட்டுலயும் கூகுளோட பிக்ஸல் அந்தப் பக்கம் தலை வெச்சிப் படுக்காது, அதுக்குக் குரோம்காஸ்ட்தான். ஒன் சம்சுங் போனுன்னா லெப்டொப்புக்கு வரும். ஆனா இப்ப உள்ள விண்டோஸுல 'வயர்லெஸ் டிஸ்பிளே'ங்கிறதைத் தனியா எறக்கிப் போடணும், அதுக்கு டேட்டா வேணும். இதை அம்மாகிட்ட சொல்ல வேணாம்.

படம் டீவியில, சத்தம் லெப்டொப்புலன்னா ஸ்பீக்கர் படத்தை அமுக்கி டீவியைத் தெரிவு செய். டீவியில வெறும் பின்படம் மட்டும் தெரிஞ்சா விண்டோஸ் பட்டனோட 'பி', அதுல 'டூப்ளிகேட்'. காசு கட்டிப் பாக்குற சினிமா மட்டும் கறுப்பா வந்தா எதையும் கழட்டாத, களவா பிரதி எடுத்துருவான்னு படக்காரன் போட்ட பூட்டு அது. படம் திக்கித் திக்கி வந்தா ரவுட்டர்ல 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்து. 2.4-ல இந்த லயம் முழுக்க இருக்குற வைஃபையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கிது. 5-க்குச் செவுரு தாண்டுற தெம்பு கொறைவு, ஆனா ஒரே காம்பராவுக்குள்ள ஓடும்.

படம் ரெண்டு தடவ நடுங்குனா ஒங்களுக்கெல்லாம் உசுரு போகுது. எங்க காலத்தைக் கேளு. 1982-ல ரூபவாஹினி டீவி வந்திச்சி. பீதுறுதலாகல உச்சியில, 2524 மீட்டர் ஒசரத்துல, இலங்கையிலயே ஒசந்த எடத்துல அதோட கோபுரம். அதைப் பாத்துத்தான் அன்டனாவைத் திருப்புவோம். 1996 மார்ச் 17, லாகூர்ல அவுஸ்திரேலியாவோட உலகக் கோப்பை கிரிக்கட் பைனல். லயத்துக்கே ஒரு டீவி, கார் பெட்டரியில ஓடுது. காத்துல அன்டனா நிக்கல, ஒருத்தன் கூரையில ஏறிக் கையால புடிச்சிக்கிட்டான். கையை எடுத்தா முத்து முத்தாப் புள்ளிதான். எறங்கப் பாத்தா கீழ இருந்து அம்புட்டுப் பேரும் ஏசுறாங்க. நம்ம முரளி பந்து போட்டாரு, அரவிந்த டி சில்வா அவுட் ஆகாம 107 அடிச்சாரு, கப்பும் வந்திச்சி. கூரையில நின்னவன் ஒரு பந்து பாக்கல. அது வேற யாருமில்ல, ஒங்க அப்பன்தான். அந்த மேட்ச் பேச்சை எடுத்தா இன்னைக்கும் எந்திரிச்சி வெளிய போயிருவான், கவனிச்சிருக்கியா?

இத்தனையும் செஞ்சும் வரலைன்னா வெக்கப்படாம அட்டன் டவுனுக்கு எறங்கி ஒரு எச்டிஎம்ஐ கேபிள் வாங்கிட்டு வா. வயர் போட்டா கௌரவம் கொறைஞ்சிரும்னு நெனைக்கிறவனுக நாடகம் பாக்க முடியாம கெடக்குறானுக. லெப்டொப்பு மேசைக்கும் டீவிக்கும் தூரத்தைக் கயித்தால அளந்துட்டுப் போ. மாட்டுன பொறவு டீவியில 'சோர்ஸ்' மாத்த மறந்துட்டு மறுபடி என்கிட்ட வந்து நிக்காத. ஒன் லெப்டொப்புல எச்டிஎம்ஐ ஓட்டை இல்ல, சின்ன டைப்-சி ஓட்டைதான்னா கவனம், எல்லா டைப்-சியிலயும் படம் வராது. கடைக்காரன் "இது எல்லாத்துக்கும் சரிவரும் தம்பி"ம்பான். லெப்டொப்பைக் கையோட கொண்டு போயி அங்கயே சொருகிப் பாத்துட்டு அப்பறம் காசை எண்ணு. பஸ்ஸுக்குக் காசு அப்பன்கிட்ட கேளு. மேட்ச் பேச்சை மட்டும் எடுக்காத, குடுக்க மாட்டான்.